எவர்சில்வர் வீட்டு வாட்சு

குமார், அம்மா எழுதுகிறேன். முதலில் நம் பிள்ளைகள் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாமல் எனக்குப் பேனா ஓடாது. உன் அக்கா செல்வியின் மகன் தினேஷ் ஒன்பதாவதில் முதல் ரேங்க் வாங்கிப் பத்தாவது போயிருக்கிறான். கணக்கில் நூற்றுக்கு நூறு. சார் அவன் பேப்பரை வகுப்பு முழுக்கச் சுற்றவிட்டாராம். அவன் தங்கை கவிதா சுதந்திர தினத்தன்று பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கினாள். பரிசு ஒரு எவர்சில்வர் டிபன் டப்பா. அதை அவள் மேடையில் இரண்டு கையாலும் தூக்கிக் காட்டியபோது, அவளுடைய பூந்தமல்லித் தாத்தா முன் வரிசையில் எழுந்து நின்று கை தட்டினார். எவர்சில்வருக்குக் கை தட்டினார், அதைக் கவனி. உன் மகள் நாலு வயதில் நீச்சல் குளத்தில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போகிறாள் என்று மருமகள் போனில் சொன்னாளே, அதை நான் கொரட்டூர் ரயில்வே கேட் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டேன். கேட் மூடியிருந்ததால் நின்றிருந்தவர்களுக்கும் சொன்னேன். நீ சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் சூப்பர்வைசர் ஆனதைச் சொல்லாத நாளே கிடையாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு வேறு என்ன சர்டிபிகேட் இருக்கிறது, நீங்கள்தான்.

இனி காரியம். பூந்தமல்லி சம்பந்தி உனக்குப் போன் செய்திருப்பார், இல்லாவிட்டால் இந்த வாரம் செய்வார். செல்வியின் மாமனார் என்ற மரியாதைக்காக நீ எழுந்து நின்றுகூடப் பேசுவாய், உன்னை எனக்குத் தெரியும். தன் கடைசிப் பெண்ணுக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளைக்குப் போட, நீ கட்டியிருக்கிற வாட்சு மாதிரியே ஒன்று வாங்கிக் கொண்டுவரச் சொல்வார். எவ்வளவு ஆனாலும் கொடுத்துவிடுகிறேன் என்பார். செல்வியும் உனக்கு எழுதியிருப்பாள், பெரியவர் வாய்விட்டுக் கேட்கிறார், மறுக்காதே என்று. நீ மறுக்க வேண்டும். கடையில் இல்லை, லீவு இல்லை, கஸ்டம்ஸில் பிடிப்பார்கள் என்று சாக்குச் சொல்லியும் மறுக்கக் கூடாது. தர முடியாது என்று சொல்லி மறுக்க வேண்டும். ஏன் என்று நீ கேட்பாய். அதற்காகத்தான் நான்கு நாளாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இதில் உனக்குத் தெரிந்தது பாதி. தெரியாத பாதி என்னுடைய தப்பு. அதையும் எழுதிவிடுகிறேன்.

பதினாறு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் செல்வியைப் பெண் பார்க்க வந்தார்கள். சம்பந்திக்கு டிரங்க் ரோட்டில் மரவாடி, இரண்டு லாரி. நமக்கு ஓட்டு வீடு, கூடத்தில் நான்கு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் வாசற்படியில். அவர் கையில் ஒரு தங்க வாட்சு, வளையல் மாதிரி தொளதொளவென்று கிடந்தது. காபியை எடுக்க ஒரு தரம் கையை ஆட்டுவார், வைக்க ஒரு தரம் ஆட்டுவார். உன் நைனா கலர் பாட்டில் வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து என்னிடம் கேட்டார், "பொண்ணு புட்ச்சிகீது. மாப்ளைக்கு இன்னா போடுவீங்க?" என் கண் அவர் மணிக்கட்டை விட்டு அகலவில்லை. வாய் தானாகச் சொன்னது, "ஃபாரின் தங்க வாட்சு போடுறோம். துபாய்ல கீற என் தம்பி அனுப்புறான்." எனக்கு இருந்த ஒரே தம்பி ஆவடியில் சைக்கிள் கடை வைத்திருந்தான். துபாய் எந்தப் பக்கம் என்றுகூட அவனுக்குத் தெரியாது. பெண்ணை நல்ல இடத்தில் தள்ளிவிட வேண்டும் என்கிற அவசரம்தான். ஆனால் அதில் கொஞ்சம் ருசியும் இருந்தது, மறைக்க மாட்டேன். அவர் புருவம் மேலே போனதே, அந்த ஒரு நொடிக்காகச் சொன்ன பொய் அது.

நைனாவிடம் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி, கல்யாணத்தன்று காலையில், மண்டபத்து ஸ்டோர் ரூமில், பூசணிக்காய்களுக்கு நடுவில் நின்று சொன்னேன். வெளியே சீர் தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. தன் கையிலிருந்த வாட்சைக் கழற்றினார். அது அவருக்கு ஃபாக்டரியில் கொடுத்தது, உனக்கு ஞாபகம் இருக்கும். இருபது வருஷம் ஒரு நாளும் லேட்டாக வராத டர்னர் என்று மேடையில் கூப்பிட்டுக் கட்டிவிட்டார்கள். பின்பக்கத்தில் அவருடைய டோக்கன் நம்பர் நானூற்றுப் பன்னிரண்டு வெட்டியிருக்கும். நம் வீட்டில் அதைவிட உயர்ந்த பொருள் எதுவும் இருந்ததில்லை. வேட்டி முனையால் துடைத்து என்னிடம் நீட்டி, "இது போதுமா பாரு" என்றார். "ஐயோ, இது எவர்சில்வரு" என்றேன். "எவர்சில்வரு இல்லடி, ஸ்டீலு. அதுலயும் ஒசந்த ஸ்டீலு. தங்கத்த நகத்தால கீறலாம். இத கீறு பாக்கலாம்." அவர் மனப்பூர்வமாகத்தான் கொடுத்தார், குமார். நாளெல்லாம் லேத்தில் இரும்பைக் கடைகிற மனுஷனுக்கு, ஒரு மாப்பிள்ளைக்குக் கொடுக்க அதைவிட நல்லது தோன்றவில்லை. கண்ணாடியைப் பார்க்கிறவர்கள் பின்பக்கத்தைப் பார்க்க மாட்டார்கள், தங்கம் இல்லாவிட்டாலும் ஃபாரின் என்றாவது நம்பிவிடுவார்கள் என்று நினைத்தோம், நானும் அவரும்.

பூந்தமல்லி மனுஷன் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்த்தார். மொய் சொல்கிறவன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. "எல்லாரும் கேட்டுக்கோங்க! பொண்ணு ஊட்டு சீரு! துபாய்லேர்ந்து வந்த ஃபாரின் தங்க வாட்சு! பின்னாடி இன்னா போட்டுகீது தெரியுமா? டோக்கன் நம்பரு நானூத்திப் பன்னண்டு! எவர்சில்வருப்பா இது, சோறு வடிக்கலாம்!" பந்தியில் உட்கார்ந்தவர்கள் சாம்பார் வாயோடு சிரித்தார்கள். நாதஸ்வரக்காரர்கூடக் குழலை எடுத்துவிட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து நாம் எவர்சில்வர் வீடு, உன் நைனா எவர்சில்வர் சம்பந்தி. செல்விக்கு அந்த வீட்டில் முதல் வருஷம் பெயரே கிடையாது, "எவர்சில்வரு, தண்ணி கொண்டா" என்றுதான் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை நல்லவர், ஆனால் அப்பா முன்னால் வாய் திறக்காதவர்.

நீ அப்போது பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்தாய். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே நைனாவைப் பார்த்துக் கேட்டாய், "தங்க வாட்சுன்னு சொல்ட்டு உன் பழைய வாட்ச குட்த்து ஏமாத்துனியா நைனா? அசிங்கமா இல்ல?" அவர் உன் முகத்தைப் பார்த்து, "ஆமாண்டா, தப்புதான்" என்றார். நான் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று ரசத்தைக் கிளறிக்கொண்டிருந்தேன். ரசத்தை யாராவது கிளறுவார்களா? கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கிளறினேன். அந்தப் பொய் என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ பாலிடெக்னிக் சேருகிற வரைக்கும் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்போதும் அவர் சொல்லவில்லை. "புள்ள அம்மாவயாச்சும் மதிக்கட்டும்" என்று ஒரு தரம் என்னிடம் சொன்னார், அவ்வளவுதான். ஆகவே நைனாவிடம் மன்னிப்புக் கேட்காமல் போய்விட்டோமே என்று நீ மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. கேட்க வேண்டியவள் நான். நீ உன் மகளுக்கு எதைச் சொல்லிக் கொடுக்கிறாயோ இல்லையோ, இதைச் சொல்லிக் கொடு: இல்லாததைச் சொல்லி ஒருவர் புருவத்தை உயர்த்திப் பார்க்காதே. அந்தப் புருவம் கீழே இறங்கும்போது யார் தலையிலோ விழும்.

அதற்குப் பிறகு அவர் வேறு வாட்சு வாங்கவில்லை. கையில் வாட்சு இருந்த இடம் வெள்ளையாக ஒரு பட்டை போட்டிருந்தது. இரண்டு கோடை போனதும் அதுவும் கறுத்துவிட்டது. ரயில் சத்தத்தை வைத்து மணி சொல்வார், ஃபாக்டரிக்கு அப்போதும் லேட்டாகப் போனதில்லை. பூந்தமல்லி வாசற்படியை மட்டும் மிதிக்கவே இல்லை. தினேஷ் பிறந்தபோதுகூட ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். அவர் இறந்த அன்று சம்பந்தி மாலையோடு வந்தார். மாலையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "நல்ல மனுசன்பா. எவர்சில்வரு மாதிரி, கறையே புடிக்காது." பக்கத்தில் இருந்தவர் சிரிப்பை அடக்கினார். நான் அழுதுகொண்டிருந்தவள் நிறுத்திவிட்டேன். நைனாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, இந்த ஆளை ஒரு நாள் மைக் முன்னாலேயே தலைகுனிய வைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். என்னிடம் என்ன இருந்தது அப்போது? ஒன்றும் இல்லை. ஏழு வருஷம் காத்திருந்தேன்.

பங்குனியில் உன்னிடமிருந்து கடிதம் வந்தது. நான்கு பக்கம். மூன்றரைப் பக்கம் ஒரு வாட்சைப் பற்றி. வேலை விட்டு வரும் வழியில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தாயாம், பஸ்ஸை விட்டுவிட்டு நின்றாயாம். "உடம்பு ஸ்டீல், மேலே சுற்றியிருக்கிற வளையம் பிளாட்டினம், முகம்கூடப் பிளாட்டினம், பாய்மரப் படகுப் பந்தயக்காரர்களுக்காகச் செய்தது" என்று எழுதியிருந்தாய். நான் பதில் எழுதினேன், படகு ஓட்டுகிறவனுக்கு மணி பார்த்து என்ன ஆகப்போகிறது, தங்கத்தை விட உசத்தியான சாமானைப் போட்டு, கடைசியில் பார்க்க நம் வீட்டுச் சொம்பு நிறத்தில் இருந்தால் யாருக்கு என்ன லாபம் என்று. நீ ஒரே வரியில் பதில் போட்டாய்: "தெரிந்தவனுக்குத் தெரியும் அம்மா, அது போதும்." அந்த வரியை நான் நிறைய நாள் மென்றுகொண்டிருந்தேன்.

ஆனி மாதம் நீ வந்து அதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தபோதுதான் எனக்குப் புரிந்தது. முதலில் சில்லென்று இருந்தது. பிறகு என் கைச் சூட்டை வாங்கிக்கொண்டு, என்னுடையதே மாதிரி ஆகிவிட்டது. பார்க்கிறதற்கு இருப்பதைவிடக் கனம் அதிகம். வளையத்தில் எண்கள் மேடாக எழும்பி நின்றன. சுற்றிலும் பொடி மணல் தூவினது போல மங்கல், எண் மட்டும் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. மூக்குக் கண்ணாடி இல்லாமலே கட்டை விரலால் படித்தேன். வளையத்தைத் திருப்பினால் பல்லுப் பல்லாக மெதுவாக நகர்ந்தது. ஒரு சிவப்பு முள். மற்ற வாட்சு முள் மாதிரி குதித்துக் குதித்துப் போகவில்லை, எண்ணெய் ஊற்றினது மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. தேதிக்கு மேலே ஒரு கண்ணாடிக் கொப்புளம், என்னைப் போன்ற கிழவிக்குத் தெரியட்டும் என்று பெரிதாகக் காட்டியது. சங்கிலியைப் புறங்கையில் தேய்த்துப் பார்த்தேன், ஒரு ரோமம் சிக்கவில்லை. "சாவி குடுக்க வாணாம்மா, கை அசைஞ்சா போதும், அதுவே ஓடும்" என்றாய். என் முதல் நினைப்பு நைனா. அவர் இருந்திருந்தால் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார், பின்மூடியைத் திருப்பி, மரை வெட்டியிருக்கிற சுத்தத்தைப் பார்த்து, "எந்த லேத்துல கடைஞ்சான்டா இத" என்று கேட்டிருப்பார். என் இரண்டாவது நினைப்பு, உள்ளதைச் சொல்கிறேன், இது போதும் அந்த ஆளுக்கு.

அந்த வாரம்தான் அவருடைய அறுபதாம் கல்யாணம். அதற்காகத்தான் உன்னை லீவு போட்டு வரச் சொன்னேன், ஊருக்கு வந்து ரொம்ப நாளாயிற்று என்று எழுதினதெல்லாம் சும்மா. காலையிலிருந்து உனக்குச் சொல்லிச் சொல்லி அனுப்பினேன். சட்டைக் கையை மடித்து விடு. முன் வரிசையில் உட்கார். அவர் வாயைத் திறந்தால், மைக்கை வாங்கி இது இன்னது, விலை இன்னது என்று சொல். நீ "சரிம்மா" என்றாய். பொட்டலம் கட்டச் சொன்னால் தலையாட்டுகிற மளிகைக்கடைப் பையன் மாதிரி சரிம்மா என்றாய். வேட்டி துண்டு வைத்த தட்டை நீ மேடையில் கொடுத்தபோது, நான் நினைத்த மாதிரியே அவர் மாலையும் கழுத்துமாக மைக்கைக் கையில் எடுத்தார். "நம்ம எவர்சில்வர் ஊட்டுப் புள்ள சிங்கப்பூர்லேர்ந்து வந்துகீது! கைய தூக்கு தம்பி! பாருங்கப்பா, கடல் தாண்டிப் போயும் எவர்சில்வர வுடல! ஒரு வார்த்த கேட்டிருந்தா என் கைல கீறத குட்த்துருப்பனே!" தன் தங்க வாட்சைத் தூக்கி ஆட்டினார். நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். இதோ சொல்லப்போகிறான், இதோ. நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், "ஆமா மாமா, ஸ்டீலுதான். எங்க நைனா வழி." சொல்லிவிட்டு இறங்கிப் போய்ப் பந்தியில் உட்கார்ந்து வடையைப் பிய்த்தாய்.

அன்றைக்குப் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டிலிருந்து அம்பத்தூர் வரைக்கும் பஸ்ஸில் நான் உன்னைத் திட்டினது அந்த பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் தெரியும். நீயெல்லாம் ஆம்பளையா என்று கேட்டேன். நைனாவைத் தின்றவன் முன்னால் பல்லைக் காட்டினாயே என்று கேட்டேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். ஏர்போர்ட்டுக்குப் போகும்போதும் நான் சரியாகப் பேசவில்லை. அதற்கு இப்போது என் தலையில் நானே குட்டிக்கொள்கிறேன். நீ அன்று எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஆள் பேச்சை மாற்றியிருப்பார், சிரித்து மழுப்பியிருப்பார். நீ எதிர்த்துப் பேசாமல் போனதால் அவர் சொன்னது முழுசாக, அவர் குரலிலேயே, வீடியோ கேசட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

நீ போய் மூன்று வாரம் கழித்துக் கேசட் வந்தது. அதே சமயத்தில் கடைசிப் பெண்ணுக்கு ஒரு இடம் வந்தது. டவுனில் பரம்பரையாக வாட்சுக் கடை வைத்திருக்கிறவர்கள். அவர்கள் பேசி முடிக்க வருகிற அன்று பலகாரம் செய்ய ஆள் போதவில்லை என்று செல்வி என்னைக் கூப்பிட்டாள், போனேன். சம்பந்திக்குத் தன் வைபவத்தைக் காட்ட வேண்டும். கேசரி தட்டில் விழுவதற்குள் டெக்கில் கேசட்டைப் போட்டுவிட்டார். மற்ற இடத்திலெல்லாம் சினிமாப் பாட்டை ஏற்றியிருந்தார்கள். மைக்கில் பேசின இடத்தை மட்டும், அவரே சொல்லி, அப்படியே விட்டிருந்தார்கள். உன் முகம் வந்தது. உன் கை வந்தது. அந்தக் கடைக்காரர் வாயில் வைத்த வடையை எடுத்துவிட்டார்.

"கொஞ்சம் நிறுத்துங்க மாப்ள. பின்னால ஓட்டுங்க. இன்னும் கொஞ்சம். ஆங், நிறுத்துங்க." நம் மாப்பிள்ளை ரிமோட்டை அமுக்கி அமுக்கி உன் மணிக்கட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். படம் நடுங்கிக்கொண்டு நின்றது. கடைக்காரர் எழுந்து டிவிக்கு முன்னால் குனிந்தார். "யாரு அண்ணே இவரு?"

"மருமவளோட தம்பி. சும்மா, எவர்சில்வரு..."

"எவர்சில்வரா? அண்ணே, வெளில சொல்லிடாதீங்க! ஒடம்புதான் ஸ்டீலு, அந்த வளையம் பிளாட்டினம். இந்த வருசம்தான் வந்துகீது. நானே கேட்லாக்லதான் பாத்துகீறேன், நேர்ல பாத்ததில்ல. தம்பி ஒரு லாரிய கைல கட்டிகினு வடை துன்றாரு!"

மாப்பிள்ளை பாவம், கை தவறி மறுபடி ஓடவிட்டுவிட்டார். அறை நிறைய அவருடைய அப்பாவின் குரல்: "ஒரு வார்த்த கேட்டிருந்தா என் கைல கீறத குட்த்துருப்பனே!" கடைக்காரர் திரும்பிச் சம்பந்தியின் கையைப் பார்த்தார். ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு மரியாதையாக முகத்தைத் திருப்பிக் கேசரித் தட்டைப் பார்த்தார். அவர் மனைவியால் முடியவில்லை, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தோள் குலுங்கினாள். சம்பந்தி மெதுவாகத் தன் சட்டைக் கையை இழுத்து அந்தத் தங்க வாட்சை மூடினார். நான் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று பார்த்தேன். அந்தச் சட்டைக் கை கீழே இறங்குவதைப் பதினாறு வருஷமாகப் பார்க்கக் காத்திருந்தவள், கண்ணைக் கொட்டாமல் பார்த்தேன். சாமி கும்பிட்டால்கூட அவ்வளவு நிம்மதி வராது.

அடுத்த வெள்ளிக்கிழமை கொரட்டூரில் நம் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. பதினாறு வருஷத்தில் நைனாவுக்கு மாலை போட வந்ததைத் தவிர அவர் இந்த வாசலுக்கு வந்ததே இல்லை. ஆப்பிள் பையோடு வந்து பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தார். "சம்பந்தியம்மா, தம்பிகிட்ட ஒரு வார்த்த சொல்லணும்..." என்று இழுத்தார்.

"இன்னா வோணும் சம்பந்தி?"

"அதே மாதிரி வாட்சு ஒன்னு. மாப்ள வாட்சுக் கடை ஊட்டுப் புள்ள. வேற எத போட்டாலும் எடுபடாது."

"தங்க வாட்சு போடுங்களேன். உங்க கைல கீதே."

"அத அவங்க பாத்துட்டாங்க சம்பந்தியம்மா" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"எங்க ஊட்ல இருந்து வர்றது எவர்சில்வரு. அத உங்க மாப்ளைக்குப் போட்டா மைக்ல சொல்வாங்க. உங்களுக்கு அசிங்கம்" என்றேன். அவர் ஆப்பிள் பையை என் பக்கம் நகர்த்தினார். நான் விடவில்லை. "மொதல்ல எங்க ஊட்டுக்காரரு வாட்ச கொண்டாங்க. அப்புறம் பேசலாம்."

"எந்த வாட்சு?"

"டோக்கன் நம்பரு நானூத்திப் பன்னண்டு. சோறு வடிக்கலாம்னீங்களே, வடிச்சு முடிச்சிட்டீங்களா?"

இரண்டே நாளில் கொண்டுவந்தார். எங்கே இருந்தது தெரியுமா? மரவாடியில், லாரி வருகிற போகிற நேரத்தைக் குறித்துவைக்க, கேட்டுப் பக்கத்தில் ஒரு ஆணியில் மாட்டியிருந்தார்களாம். வாட்ச்மேன் மாறி மாறி வந்தாலும், வருகிறவன் எல்லாம் தினம் காலையில் சாவி கொடுத்திருக்கிறான். ஓடிக்கொண்டே இருந்தது, குமார். வார் இற்றுப்போய்விட்டது, கண்ணாடி முழுக்கக் கீறல். ஆனால் ஸ்டீலைக் கொஞ்சம் விபூதி போட்டுத் தேய்த்தேன், கல்யாணத்தன்று இருந்த மாதிரியே வந்துவிட்டது. நம்பர் ஒரு எண்கூட மழுங்கவில்லை. சம்பந்தி வாசலிலேயே நின்று, "அப்ப தம்பிகிட்ட சொல்வீங்கதான சம்பந்தியம்மா?" என்றார். "கண்டிப்பா சொல்றேன். நானே என் கையால எழுதுறேன்" என்றேன். அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். கொடுக்காதே.

செல்வி என்னிடம் சண்டைக்கு வந்தாள். "வுட்டுடேம்மா, அந்த மனுசன் தளர்ந்துட்டாரு" என்கிறாள். நைனா தளரவில்லையா என்று கேட்டேன். "நான் அந்த ஊட்லதாம்மா வாழணும்" என்றாள். வாழட்டும், யார் வேண்டாம் என்றது? இப்போது பெட்டிச் சாவி அவள் இடுப்பில். வாட்சுக் கடைக்காரர் போகும்போது அவளிடம்தான் சொல்லிக்கொண்டு போனார், தம்பியைக் கேட்டதாகச் சொல்லும்மா என்று. இனி அவளை எவர்சில்வரு என்று கூப்பிட அந்த வீட்டில் நாக்கு எழாது. அந்தப் பெண்ணின் கல்யாணமும் நன்றாக நடக்கட்டும், அது குழந்தை, அதன்மேல் எனக்கு என்ன? நான் போய் முன் பந்தியில் உட்கார்ந்து இரண்டு தரம் பாயசம் வாங்கிச் சாப்பிடுவேன். மாப்பிள்ளை கையில் என்ன போடுகிறார்கள் என்று மைக்கில் சொல்லும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். அந்த இடத்தில் மட்டும் அந்த மனுஷனுக்கு வாய் அடைக்க வேண்டும். மன்னிப்பதெல்லாம் பெரிய மனசு உள்ளவர்கள் செய்வது, எனக்கு ஐந்தாம் வகுப்பு மனசு.

உனக்கு ஒன்று சொல்கிறேன். அந்த வாட்சைப் பெட்டியில் பூட்டி வைக்காதே, விசேஷத்துக்கு மட்டும் என்று எடுத்து வைக்காதே. வேலைக்குக் கட்டிக்கொண்டு போ, எண்ணெய் படட்டும். கை அசைந்தால்தான் அது ஓடும் என்று நீதான் சொன்னாய். யாராவது ஸ்டீலா என்று கேட்டால் ஆமாம் என்று சொல், அன்று சொன்ன மாதிரியே. நைனா வழி என்று சொல். அதைவிடப் பெரிய பதில் எனக்குத் தோன்றவில்லை, நான் நூறு பதில் யோசித்து வைத்திருந்தேன்.

இதை எழுதும்போது நைனாவின் வாட்சு என் கையில் கட்டியிருக்கிறது, வாருக்குப் பதில் ஒரு ரிப்பன். எதிர்வீட்டு டீச்சரின் மருமகன் அடுத்த வாரம் சிங்கப்பூர் வருகிறார், அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். அங்கே நல்ல கடையில் கொடுத்துக் கண்ணாடி மாற்று, வார் போடு. பின்பக்கத்தைப் பாலிஷ் போடவிடாதே, அந்த நம்பர் இருக்க வேண்டும். பிறகு ஸ்டூடியோவுக்குப் போ. இடது கையில் உன் வாட்சு, வலது கையில் நைனா வாட்சு. அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு வாட்சும் முன்னால் தெரிகிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்று ஒரு போட்டோ எடு. செல்வி வீட்டுக் கூடத்தில், அந்த மனுஷனின் சாய்வு நாற்காலிக்கு நேர் எதிர்ச் சுவரில் ஒரு ஆணி அடித்து வைத்துவிட்டேன். கூடப் பிறந்த தம்பி போட்டோவை அக்கா மாட்டினால் யாரும் எதுவும் சொல்ல முடியாது. காலையில் பேப்பர் படிக்க உட்கார்ந்தால் அவர் தலையை நிமிர்த்தித்தானே ஆக வேண்டும். பழைய போட்டோவை அனுப்பி ஏமாற்றாதே. புதிதாக எடுத்து, பெரிய சைஸில் போட்டு, மடங்காமல் இரண்டு பக்கமும் அட்டை வைத்து, சீக்கிரம் தபாலில் அனுப்பு.